கோயிலைத் தாண்டும்போது கை எங்கே இருக்க வேண்டும்

கார் ஓட்டும் பரீட்சையில் நான் இரண்டு முறை தோற்றவன். முதல் முறை காளியம்மனால். இரண்டாம் முறையும் காளியம்மனால்தான், ஆனால் வேறொரு விதியின் கீழ். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பணி ஓய்வு பெறும் நாள்வரை நான் மோட்டார் காப்புறுதிப் பிரிவில் இருந்தவன். இந்தத் தீவில் ஒரு வண்டி சட்டப்படி பத்தடி நகர வேண்டுமென்றால் என்னென்ன தாள் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்: பதிவுப் புத்தகம், சாலை வரி கட்டிய வட்டச் சீட்டு, காப்புறுதிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம். இவற்றில் முதல் மூன்றையும் குற்றம் குறை இல்லாமல் வைத்துக்கொண்டு நான்காவதற்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

ஐம்பதுகள் முடிகிற சமயம். நான் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு காப்புறுதி முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எழுத்தரைக் 'கிராணி' என்பது இந்த ஊர் வழக்கு. வந்து பத்து வருடம் ஆகியும் கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் திருச்சிப் பக்கத்துக்காரர், கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியர். நான் அவரை வாத்தியாரே என்பேன், அவர் என்னைக் கிராணியாரே என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தேவாலயப் பாதிரியாரின் காரை ஓட்டுவது அவர்தான் என்பதால் அவரிடம் முறையான உரிமம் இருந்தது. இது பின்னால் முக்கியமாகும்.

கார் வாங்க வேண்டும் என்று நான் திட்டம் எதுவும் போடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகும் ஓர் ஆங்கிலேய அதிகாரி தன் காப்புறுதியை ரத்து செய்ய என் மேசைக்கு வந்தார். ரத்துப் படிவத்தில் மொத்தம் பதினொரு கேள்விகள். ஐந்தாவது கேள்வியில் வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். பதினொன்றாவது கேள்விக்கு வரும்போது வண்டி என்னுடையதாகிவிட்டது. சாம்பல் நிறம், நான்கு கதவு, உருண்ட முதுகு. திரும்பும் பக்கத்தைக் காட்ட இரு பக்கமும் சின்ன மஞ்சள் கைகள் வெளியே நீளும். வலது கை சொன்னபடி கேட்கும். இடது கையை வெளியே கொண்டுவர உள்ளிருந்து கதவுத் தூணில் ஒரு குத்து விட வேண்டும்.

வாங்கிய சூட்டில் ஒரு தவறு செய்தேன். ஊரில் இருந்த என் மனைவிக்குக் கடிதம் எழுதினேன்.

நான்கு வருடத்துக்கு முன் விடுப்பில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். என் மாமனார் கும்பகோணத்தில் இரண்டு பஸ் வைத்து ஓட்டுபவர். மனிதர்களை அவர் இரண்டு வகையாகத்தான் பிரிப்பார்: வண்டி உள்ளவர்கள், வண்டியில் ஏறுகிறவர்கள். நான் எந்த வகை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது வீடும் பார்த்தாயிற்று, ஃபேரர் பார்க் அருகில் ஓர் அறையும் சமையற்கட்டும். மனைவி வர வேண்டிய கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. அந்தக் கடிதத்தில் நான் எழுதிய வரி இது: 'சொந்தமாகக் கார் வாங்கியிருக்கிறேன். துறைமுகத்துக்கு நானே ஓட்டி வந்து உன்னை அழைத்துப் போவேன்.'

மனைவியிடமிருந்து பதில் வந்தது. 'நீங்களே ஓட்டி வருவீர்கள் என்று அப்பா பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்' என்று எழுதியிருந்தாள். கீழே மாமனார் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். 'லைசென்ஸ் எடுத்தாயிற்றா?'

ஏற்பாடு நடக்கிறது என்று பதில் எழுதினேன். பத்து வருட அலுவலக வாழ்வில் இந்த வாக்கியம் என்னைக் கைவிட்டதில்லை.

அடுத்தது காப்புறுதி. ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன் முதல் முறையாக எனக்கு நானே நிரப்பினேன். மருத்துவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்வது போல இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரியும். ஒவ்வொரு பதிலும் எனக்கு எதிராக எப்படிப் படிக்கப்படும் என்பதும் தெரியும். நாட்டுரிமை: இந்தியா. ஓட்டிய அனுபவம்: இல்லை. உரிமம்: பயிற்சி உரிமம். இங்கே தங்குவது நிரந்தரமா, தற்காலிகமா, பொருந்தாததை அடிக்கவும். 'நிரந்தரம்' என்பதை அடித்தேன். இந்த ஊரில் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் பத்து வருடமாக அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன், கை பழகிப்போயிருந்தது.

என் மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வெளிநாட்டவர், புதிதாகப் பழகுகிறவர், எனவே நிபந்தனைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றார். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் இல்லாமல், முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டாமல் வண்டியை எடுத்தால் காப்புறுதி செல்லாது என்பது நிபந்தனை. அத்தகைய சீட்டுகளைத் தட்டச்சு செய்கிறவன் நான்தான். எனவே எனக்கான சீட்டை நானே அடித்து, நானே ஒட்டி, ஓரத்தில் என் கையெழுத்துச் சுருக்கத்தையும் போட்டேன்.

வண்டிக்குப் பூசை போடாமல் எடுக்க முடியுமா? காளி கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். எலுமிச்சையை நசுக்கி வண்டியை நகர்த்த வேண்டியவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். ஆகவே கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு வாத்தியார் ஏறி உட்கார்ந்து நான்கு பழத்தையும் ஒரே சீராக நசுக்கினார். இறங்கி வந்து, "நசுக்குனது நானு. புண்ணியம் யார் கணக்குல போகும், கிராணியாரே?" என்றார்.

ஞாயிறு பூசை முடித்து அவர் வந்ததும் பாடம் தொடங்கும். ஃபேரர் பார்க் திடலைச் சுற்றியிருந்த சாலைகளில் முதல் மாதம் முழுக்க நான் ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்கு மாற்றும் சத்தம் கேட்டுப் பந்து விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். வாத்தியார் வகுப்பறையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மடியில் ஓர் அடிக்கோல் இருக்கும். கை ஸ்டியரிங்கிலிருந்து நகர்ந்தால் முட்டியில் ஒன்று விழும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

கிளட்ச், பிரேக், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் மெல்ல மெல்ல வந்துவிட்டன. வராதது ஒன்றுதான். சிராங்கூன் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், அந்த ஒரே சாலையில் முதலில் காளி கோயில், கொஞ்ச தூரத்தில் பெருமாள் கோயில், அதையும் தாண்டி இன்னொரு அம்மன் கோயில். பஸ்ஸில் போகும்போது கோபுரம் தெரிந்ததும் பாதிப் பேரின் கை தானாக எழுந்து கன்னத்தைத் தட்டிக்கொள்ளும். பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்த மாட்டார், தூங்குகிறவர் கண் திறக்க மாட்டார், கை மட்டும் போய்விட்டு வரும். எனக்கும் அப்படித்தான். மூளைக்குச் செய்தி போகும் முன்பே இரண்டு கையும் மேலே போய்விடும். அது பஸ்ஸில் நல்ல வழக்கம். நான் இப்போது உட்கார்ந்திருந்த இடம் வேறு.

அடிக்கோல் மூன்று கோயிலுக்கு மூன்று முறை விழும். வாத்தியார் அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார். "உங்க சாமி ரெண்டு கையும் கேக்குது. எங்க சாமிக்கு ஒரு கை போதும், மத்த கை ஸ்டியரிங்லயே இருக்கும். மோட்டார் காடி வரும்னு தெரிஞ்சே வச்ச மாதிரி இருக்கு." அவர் தேவாலயத்தைத் தாண்டும்போது ஒரு கையால் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கார் ஓர் அங்குலம்கூட விலகாது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசி வாரங்களில் அடிக்கோலுக்குப் பயந்து கை அடங்கியது. தயார் என்றார் வாத்தியார். பரீட்சையில் அடிக்கோல் இருக்காது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

பரீட்சை அதிகாரி ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும், சோங்கோக் தொப்பி, கையில் அட்டையில் செருகிய தாள். ஏறி உட்கார்ந்ததும் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. கிளம்பினேன். கைச்சைகைகள் எல்லாம் சரி. திரிஷா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தபோது அளவாகப் பிரேக் போட்டேன். தேக்கா சந்தையைத் தாண்டினோம். அங்கே சாலை நடுவில் நின்ற பசுமாட்டுக்கும் உரிய மரியாதையோடு வழிவிட்டேன். காளி கோயில் நெருங்கியது. நெருங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. கையை எடுக்கக் கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே தீபாராதனை மணி அடித்தது.

இரண்டு விநாடி இருக்கலாம். கண்ணைத் திறந்தபோது கார் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் மேல் ஒரு கை இருந்தது. அது என்னுடையது இல்லை.

அவர் கோபப்படவில்லை. "தாங்கான்" என்றார் மெதுவாக. மலாயில் கை என்று பொருள். நான் கையைத் திரும்ப வைத்ததும் அவர் தன் கையை எடுத்துக்கொண்டு தாளில் எழுதினார். பரீட்சை முடிந்து நிறுத்தியபின், கன்னத்தைத் தொட்ட அந்தச் சைகை கையேட்டில் இல்லையே, எந்தப் பக்கம் திரும்புவதற்கு என்று கேட்டார். நான் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடவுள் வண்டியைப் பார்த்துக்கொண்டது உண்மைதான், ஆனால் தான் மதிப்பெண் போட வேண்டியது கடவுளுக்கு இல்லை, ஓட்டுகிறவருக்கு என்றார். நியாயமான விளக்கம். அதை எதிர்த்து அன்று மாலையே மூன்று பத்தியில் மேல்முறையீடு எழுதினேன்.

தடை செய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் கண நேர வழிபாடு இடம்பெறவில்லை. வண்டி தன் பாதையிலிருந்து விலகவில்லை. யாருக்கும் இடையூறு நேரவில்லை. ஒவ்வொரு பத்திக்கும் விதி எண் கொடுத்திருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிப்பட்ட பதில்களை எழுதியே சம்பளம் வாங்கியவன் என்பதால் அதன் அழகை மெச்சாமல் இருக்க முடியவில்லை. மேலாளருக்கும் விஷயம் போய்விட்டது. கோயில் எதிரே அப்படி ஒரு விபத்து நடந்தால் உரிமைகோரல் படிவத்தில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதுவீர்களா, அல்லது சாட்சிகள் என்ற கட்டத்தில் காளியைச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கப்பல் வர ஒரு வாரம் இருக்கும்போது இரண்டாம் பரீட்சை. இந்த முறை ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஓடும் வண்டியில் கையை எடுப்பதுதானே குற்றம்? நின்ற வண்டியில் எடுத்தால்?

அதே அதிகாரி, அதே பிஸ்மில்லா. காளி கோயில் தெரிந்ததும் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கையை வெளியே நீட்டி வேகம் குறைக்கும் சைகை காட்டினேன். கதவுத் தூணில் குத்து விட்டு இடது மஞ்சள் கையை வரவழைத்தேன். ஓரம் கட்டி, கியரை நடுவில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, நிறைவாகக் கும்பிட்டேன். ஒரு வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொண்டேன். அதிகாரி குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் பேனாவை மூடியோடு வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்.

பின்னால் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க ஒரு பஸ். நான் நிறுத்தியிருந்தது பஸ் நிறுத்தத்தில்.

பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டும், மீதிப் பேர் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டும் இருந்தார்கள். கண்டக்டர் தமிழர். படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, "சாமி கும்புட ஒங்களுக்கு பஸ் ஸ்டாப்புதான் கெடைச்சுதா அண்ணே? நாங்கல்லாம் எங்க லா நிக்கிறது?" என்றார்.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். கை: நன்று. நிறுத்திய இடம்: தவறு. இரண்டையும் எனக்குப் படித்துக் காட்டினார், அந்த அளவுக்கு முன்னேற்றம்தான் என்று ஆறுதல் சொல்வது போல.

மூன்றாம் பரீட்சைக்குக் கிடைத்த தேதி கப்பல் வந்து இரண்டு வாரம் கழித்து. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்ன சொல் கடலைத் தாண்டிப் போய்விட்டது. அதை நம்பி ஒருத்தி நான்கு வருடக் காத்திருப்பை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலில் வந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் நான் சொல்லும் முதல் வார்த்தையே விளக்கமாக இருக்கப் போகிறது. வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். துறைமுகம்வரை அவர் ஓட்டுவார். கடைசி வளைவில் பலகைகளைக் கழற்றிவிட்டு நான் இடம் மாறி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிபந்தனைச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. ஏதாவது நடந்தால் அந்தக் கோப்பு வந்து விழுவதும் என் மேசையில்தான். முடியாது என்றேன். வாத்தியார், "அப்ப போர்டோடயே போவோம். அசிங்கப்பட்டாலும் இன்சூரன்சோட அசிங்கப்படுவோம்" என்றார்.

கப்பல் காலையில் வந்து சேர்ந்தது. சுங்கத்தில் எல்லாரும் போய்விட்டார்கள், என் மனைவியை மட்டும் காணவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு சுங்க அதிகாரி கறுப்பான, உருண்ட, கனமான ஒரு பொருளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மிக்குழவி. அம்மியை இங்கே வாங்கிக்கொள்ளலாம், குழவி கைக்குப் பழகியதாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தாள். என்ன வகைச் சரக்கு என்று எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டு உபயோகப் பொருள், பயன்படுத்தப்பட்டது, வரி இல்லை என்று பிரிவைச் சொல்லி நான் மீட்டுக்கொண்டு வந்தேன். நான்கு வருடம் கழித்து மனைவியிடம் என் திறமையைக் காட்டக் கிடைத்த முதல் வாய்ப்பு. காருக்குப் போகும் வழியெல்லாம் அது கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே குழவியைச் சுமந்தேன்.

அவள் காரைப் பார்த்ததும் நின்றாள். பஸ் முதலாளியின் மகள். உடனே ஏறிவிடவில்லை. தன் அப்பா செய்வதுபோல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன்னால் இருந்த சிவப்பு 'எல்' பலகையைப் பார்த்தாள். பின்னால் போய் அங்கேயும் பார்த்தாள். வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் மாட்டியிருக்கீங்க. அது சரிதான்" என்றாள். பிறகு டயரைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

"அப்ப அப்பாவுக்கு அப்படியே எழுதிடுறேன். போர்டைப் பத்தி அவர் கேக்கலையே."

இவ்வளவு நேர்த்தியாக ஒரு பதிலை என் அலுவலகத்திலேயே யாரும் வரைந்ததில்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. உரிமம் உள்ளவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். எனவே வாத்தியார் முன்னால் உட்கார்ந்தார், அடிக்கோல் அவர் மடியில். நான்கு வருடம் கழித்து வந்த மனைவி, நான் தட்டச்சு செய்த நிபந்தனையின்படி, பின் இருக்கையில் குழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளம்பினோம். பாடாங் திடலையும் பெரிய கட்டடங்களையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் சாலையை மட்டும் பார்த்தேன். கியர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை.

சிராங்கூன் சாலைக்குள் திரும்பியதும் அவள் நிமிர்ந்து உட்கார்வது கண்ணாடியில் தெரிந்தது. கடைப்பலகைகளில் தமிழ், பூக்கடையில் மல்லிகை. பிறகு கோபுரம். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வாத்தியார் அடிக்கோலை எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, கோயில்" என்றாள் பின்னாலிருந்து.

தெரியும் என்றேன்.

"கும்புடல?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்ததால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வாத்தியார் என் சார்பில் இரண்டு பரீட்சையையும் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பஸ் கண்டக்டர் பேசியதை அவர் விட்டுவிட்டிருக்கலாம். பின் இருக்கையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஊருக்கு வந்து சாமியை விட்டவன், லைசென்சும் எடுக்காதவன் என்று மாமனாருக்குப் போகப்போகிற கடிதத்தை நான் மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது குழவி இருக்கையில் உருண்டு கதவில் மோதும் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க கையை எடுக்காதீங்க. கெட்டியா புடிச்சுக்குங்க. ஒங்களுக்கும் சேத்து நான் கும்புட்டுடறேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் தனக்கு ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, இது வேறு கணக்கு என்பது தெளிவாகத் தெரியும்படி கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு முறை. பெருமாள் கோயிலிலும் அப்படியே இரண்டு. அடிக்கோல் வாத்தியாரின் மடியை விட்டு எழவே இல்லை.

ஒருவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடலாம், பணம் பெறலாம், நிலம் விற்கலாம். அதற்கான அதிகாரப் பத்திரங்களை நூற்றுக்கணக்கில் சரிபார்த்திருக்கிறேன். கும்பிடுவதற்கும் அது செல்லும் என்பது மூன்று பத்தி மேல்முறையீடு எழுதிய மண்டைக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் பரீட்சையில் பின் இருக்கையில் மனைவியை உட்கார வைக்க விதி இடம் தராது. அதை அவளிடம் சொன்னபோது, பரீட்சை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் முறை. அதிகாரி என்னைப் பார்த்ததும் பழைய நண்பரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தார். தேக்கா தாண்டியது. பஸ் நிறுத்தத்தை நான் தூரத்திலிருந்தே விலக்கி ஓட்டினேன். கோயில் நெருங்கியபோது என் கை அரிக்கத் தொடங்கியது. மணியும் அடித்தது, அந்தக் கோயிலில் எனக்கென்றே நேரம் பார்த்து அடிப்பார்களோ என்னவோ. வாசலில், பூ விற்கிறவருக்குப் பக்கத்தில், பச்சைச் சேலையில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் சந்நிதிப் பக்கம். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இடைவெளி விட்டாள். இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். என் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அரிப்புப் போன இடம் தெரியவில்லை.

கோயில் பின்னால் போனதும் அதிகாரி, இன்று வணக்கம் இல்லையா என்று மலாயில் கேட்டார். இருக்கிறது, என் பிரதிநிதி அங்கே நிற்கிறார் என்றேன். அவர் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். பச்சைச் சேலையா, மனைவியா என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, மேட்டில் நிறுத்தி எடுக்கும் பரீட்சைவரை சிரித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தாளில் கையெழுத்துப் போட்டு, "பாகுஸ்" என்றார். நன்று. பிறகு, அந்த அம்மாளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள், பாதி மதிப்பெண் அவருடையது என்றார்.

அந்த ஞாயிறு பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் காத்தோங்குக்குப் போனோம். மனைவி முன் இருக்கையில். பதவியிறக்கம் பெற்ற வாத்தியார் பின் இருக்கையில், பழக்கதோஷத்தில் அடிக்கோலோடு. வழியில் கோயில் வந்தால் அவள் இரண்டிரண்டு முறை. தேவாலயம் வந்தால் வாத்தியார் பின்னாலிருந்து ஒரு சிலுவை. பள்ளிவாசலைத் தாண்டும்போது எங்கள் அதிகாரியை நினைத்து மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் காரில் கையை எடுக்காத ஒரே ஆள் நான்தான். காத்தோங் பிள்ளையார் கோயிலில் முறையான இடத்தில் நிறுத்தி இறங்கிக் கும்பிட்டோம். பிறகு கடற்கரையில் கார்க் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கட்டிவந்த எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். கார் அடுப்பு மாதிரி சுட்டது. என் வாழ்வில் அதைவிட நல்ல உணவை நான் சாப்பிட்டதில்லை. அந்தக் குழவியில் அரைத்த துவையல் வேறு.

மாமனாருக்குக் கடிதம் போனது. அவர் பதிலில் என்னை முதல் முறையாக 'மாப்பிள்ளை அவர்கள்' என்று எழுதியிருந்தார். கியர் மாற்றும்போது கிளட்சை முழுக்க அழுத்தவும் என்றும் ஒரு வரி இருந்தது. போர்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் காப்புறுதியைப் புதுப்பித்தபோது நிபந்தனைச் சீட்டை நானே உரித்தெடுத்தேன். ஒட்டியவனும் நான்தான் என்பதால் எளிதில் வரவில்லை. விண்ணப்பத்தில் நிரந்தரமா, தற்காலிகமா என்ற இடம் வந்ததும் பேனா பழக்கப்படி 'நிரந்தரம்' மேல் போய் நின்றது. அதை எடுத்துப் பக்கத்துச் சொல்லின் மேல் வைத்து அடித்தேன். குடியுரிமைத் தாள் வர இன்னும் சில வருடம் ஆனது. என் கணக்கில் அது அந்தக் கோட்டோடு முடிந்துவிட்ட வேலை.

அறுபதுகள் முடியும்போது தோ பாயோவில் வீடு கிடைத்துக் குடிபோனோம். கார்கள் மாறின. பிறகு வயதும் மாறி, கார் வேண்டாம் என்று வந்துவிட்டது. அந்த ரத்துப் படிவத்தின் பதினொரு கேள்வியையும் யார் உதவியும் இல்லாமல் நிரப்பினேன். இப்போது சிராங்கூன் சாலைக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். கோயில் வரும்போது என் இரண்டு கையும் முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எத்தனையோ வருடப் பழக்கம், அடிக்கோல் இல்லாமலே.

போன வாரம் அவள் கேட்டாள். "இப்பதான் கை சும்மா இருக்கே. நீங்களே கும்புட்டுக்கக் கூடாதா?"

"அதிகாரம் குடுத்தது குடுத்ததுதான். ரத்து பண்றதுக்குத் தனியா ஒரு படிவம் இருக்கு. அது எங்கிட்ட இல்ல" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். தனக்கு ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு, எனக்காக ஒரு முறை போட்டுக்கொண்டாள்.